மாமன் மடி

— எங்கெல்லாம்டா தேடறது உன்னை? மொட்டையடிக்கிற பச்சியப்பன் கத்தியத் தீட்டி வெச்சிட்டு உக்காந்திருக்காரு. காது குத்தற ஆசாரி கொட்டாவி வுட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. மடி குடுக்க வேண்டிய தாய்மாமன் இங்க பாறைச் சந்துல ஒளிஞ்சிருக்கான். மிலிட்டரிக்காரன் பண்ற வேலையாடா இது, தீர்த்தகிரி?

— நீ போக்கா. நான் வரல.

— வரலன்னா? கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன். உன்ன வுட்டா நான் எந்த மாமன் மடியில என் புள்ளைய உக்கார வெப்பேன்? கடையில வாடகைக்குக் குடுக்கறாங்களா?

— சித்தப்பா பையன் முனியப்பன் இருக்கான் இல்ல. அவனும் மாமன் முறைதான். அவன உக்கார வெய்யி.

— கேளு சாமி, அவன் நேத்துக் குடிச்சது இன்னும் எறங்கல. புள்ளையக் கீழ வுட்டுருவான். அது கெடக்கட்டும். அர்ச்சனையில ஐயரு கொழந்த பேரச் சொன்னாரு. நீ தட்டக் கீழ வெச்சிட்டு எழுந்து போன. எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. ஏன்டா சட்டையெல்லாம் ஈரம்? திரும்பவும் போயி தீர்த்தத்துல நின்னியா?

— நின்னேன்.

— காலையில நின்ன. பூசைக்கு முன்னாடி நின்ன. இப்பவுமா? பாறையிலேருந்து விழுவறது நூலாட்டம் விழுவுது. மத்த சனம் குளிக்க வேணாமா?

— ராவணனக் கொன்னுட்டு வந்து ராமரு இங்கதான நின்னாருன்னு சொல்லுவாங்க. அம்பு வுட்டு தண்ணிய வரவெச்சி, பூசை பண்ணிட்டு, சுத்தமாயிட்டுப் போனாராம். அவருக்குப் போச்சு. எனக்குப் போவலக்கா. எத்தினி வாட்டி நின்னாலும் துணிதான் நனையுது.

— ராமருக்குப் போச்சின்னு உனக்கு யாரு சொன்னா? அவரு வந்து உங்கிட்ட சொன்னாரா? கெளம்பிப் போனாருன்னுதான் கதை. மனசுல என்னாத்தத் தூக்கிக்கிட்டுப் போனாரோ.

— அக்கா, வெளையாடாத.

— நான் எங்கடா வெளையாடறன். புள்ள பொறந்து இத்தினி மாசத்துல நீ ஒரு வாட்டி தூக்கல. கார்த்திகையில கட்டோட வந்த, லீவுல படுத்துக் கெடந்த. அப்பவும் தூக்கல. வாசப்படி அண்ட நின்னுக்கிட்டுப் பாப்ப. சிரிப்ப. தூக்குடான்னா உள்ள போயிருவ.

— கால்ல குண்டு பட்டுக் கட்டு போட்டிருந்தாங்க இல்ல.

— கால்லதானடா கட்டு? கையிலயா போட்டிருந்தாங்க?

— கையிலதான்க்கா. உன் கண்ணுக்குத் தெரியல. இந்தக் கைய அவன் மேல வெக்க மாட்டேன். அதுவும் அந்தப் பேர வெச்சிக்கிட்டு அவன் என் மடியில வந்து உக்காந்தா... யாருக்கா அந்தப் பேர வெச்சது? மாமாவா?

— நான்தான் வெச்சேன்.

— ஏன்?

— நீ காயத்தோட வந்து படுத்திருந்தப்போ ராத்திரியெல்லாம் கத்துவ. தவராசா, தவராசான்னு. வூடே எழுந்து உக்காந்துக்கும். மறுநா உங்க மாமா கேட்டாரு, யாரு மச்சான் அந்தத் தவராசான்னு. நீ, செத்துட்டான் மாமான்னுட்டு திரும்பிப் படுத்துக்கிட்ட.

— அதுக்கு?

— அதுக்கு அவரு, ஐயோ பாவம், கூட இருந்து சண்டை போட்ட பையனாட்டம் இருக்குதுன்னு உச்சு கொட்டினாரு. நீ இல்லேன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல.

— அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.

— இரு, இரு. அதோ அவரே வர்றாரு. அந்தாளு முன்னாடி அழுதுகிழுது வெக்காத. அப்புறம் அவரும் அழுவாரு. அவர யாரு தேத்தறது?

— ஏ புள்ள! கூட்டியாறேன்னு வந்தவ நீயும் இங்கயே குந்திக்கிட்டியா? என்னா மச்சான் கோவம்? மாலை வாடியிருக்குதுன்னா? மாமனுக்கு எடுத்த வேட்டிக் கரை புடிக்கலையா? சொல்லு, அரூருக்கு ஆளனுப்பி வேற எடுத்தாரச் சொல்றன்.

— அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மாமா. வேட்டி நல்லாத்தான் இருக்குது.

— பின்ன என்னாய்யா? எங்க பெரியப்பன் அங்க ஆரம்பிச்சிட்டாரு. மாமன் முறுக்கிக்கிட்டான், சீர்ல ஏதோ கொறை வெச்சிட்டீங்கன்னு. இந்த நஞ்சப்பன் வூட்டுல மரியாத தெரியாதுன்னு பேரு வந்துரும் போலருக்கு.

— இல்லைங்க மாமா. அந்தப் பேரு...

— பேருக்கு என்னா? அந்தப் பேருக்காக நான் எம்மாம் பேச்சு கேட்டிருக்கேன் தெரியுமா? எங்கப்பன் காளியப்பன் பேரத்தான் வெக்கணும்னு எங்கம்மா ஒரே பிடிவாதம். முதப் பேரன் இல்லியா. உங்கக்கா கேக்கல. தவராசாதான்னா. எங்கம்மா மூணு வேளை சாப்புடல. இவளும் சாப்புடல. நடுவுல நான் சாப்புட்டா நல்லா இருக்குமா? நானும் பட்டினி.

— எதுக்கு மாமா அவ்வளவு...

— அது மட்டுமா? எங்க பங்காளிங்க எல்லாருக்கும் முடி எறக்கறது எங்க குலசாமி முனியப்பன் கோயில்ல. தலைமொறை தலைமொறையா அங்கதான். உங்கக்கா அதுக்கும் ஒத்தக் கால்ல நின்னா. தீர்த்தமலைக்குத் தூக்கிப் போயிதான் பேரு வெப்பேன், அதுவும் கீழ் கோயில் இல்ல, மலை உச்சிக்குன்னா. ஏன்டின்னா வாயத் தொறக்க மாட்டேங்கறா. முனியப்பன் கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கறேங்கறா. சாமிகிட்டயே பேசிக்கறவகிட்ட நான் என்னாத்தப் பேசறது?

— சரி சரி, போங்க. பெருமைய அளக்காதீங்க. கூட்டியாறேன்.

— பெருமைதான். ஏன் அளக்கக் கூடாது? கம்பைநல்லூர் சந்தையில கூட சொன்னேன் மச்சான். என் மச்சானோட தோளோட தோள் நின்னு உயிர வுட்ட பையன் பேருய்யா என் புள்ளைக்குன்னு. மாட்டு யாவாரி ஒருத்தரு துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. இந்தப் புள்ள பெரியவனானா சொல்லுவேன். டேய், உன் பேருக்குச் சொந்தக்காரன் எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமான்னு. சீக்கிரம் வா மச்சான். பச்சியப்பன் அடுத்த தலையப் பாக்கப் போயிட்டாருன்னா நம்ம தலைக்கு மத்தியானம் ஆயிரும்.

— போயிட்டாரு. சொல்லு.

— கேட்டியாக்கா? தோளோட தோளாம். மாட்டு யாவாரி அழுதாராம்.

— நல்ல மனுசன்டா. பேசிக்கிட்டே இருப்பாரு. நீ சொல்லு.

— அவன் என் சிநேகிதன் இல்லக்கா.

— சொல்லு சாமி. கேக்கறன்.

— எதிர்ல இருந்தவன். இயக்கத்துப் பையன். நான்தான் சுட்டேன்.

— ம்ம்.

— கடலுக்கு அந்தாண்ட, பனை மட்டை வேலி வெச்ச சந்துக்கா. ரெண்டு பக்கமும் வேலி. விடிஞ்சும் விடியாத நேரம். எங்க செக்ஷன் வூடு வூடாப் பாத்துக்கிட்டுப் போவுது. நான் முன்னால, என் கூட்டாளி பாஷா பின்னால கவர் குடுத்துக்கிட்டு வர்றான். கெணத்தடியில நெழலு ஆடிச்சு. அவன் சுட்டது என் கால்ல பட்டுச்சு. நான் சுட்டது அவன் வயித்துல. அவ்வளவுதான். கண்ணு மூடித் தொறக்கற நேரம்.

— அவன் முதல்ல சுட்டான் இல்ல?

— அதத்தான் சுபேதாரும் சொன்னாரு. அவன் சுட்டான், நீ சுட்டே, டூட்டி. ஆர்டர் குடுத்தவன் தலையில பாதி, துப்பாக்கி தலையில பாதி, உன் தலையில ஒண்ணுமில்லன்னாரு. ஆனா நொண்டிக்கிட்டே போயி அவன் துப்பாக்கியத் தள்ளி வுட்டேன் பாரு, அப்ப அவன் பேசினான்க்கா. அண்ணை, தண்ணி தாங்கோன்னான். நம்ம பாஷையில. எதிரி தமிழ்ல தண்ணி கேப்பான்னு டிரெயினிங்ல யாரும் சொல்லிக் குடுக்கல.

— ஐயோ கண்ணு.

— வாட்டர் பாட்டில எடுத்துக் குடுத்தேன். தலையத் தூக்கி என் மடியில வெச்சிக்கிட்டாதான் குடிக்க முடிஞ்சுது அவனால. மீசை கூட சரியா மொளைக்கல. நீங்கள் தமிழோன்னு கேட்டான். ஆமான்னேன். என் மூஞ்சியவே பாத்தான். திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். நான் அவன் பேரக் கேட்டேன்.

— தவராசான்னான்.

— ஆமா. கேட்டிருக்கக் கூடாதுக்கா. பழைய ஆளுங்க சொல்லி அனுப்புவாங்க. மூஞ்சியப் பாக்காத, பேரக் கேக்காத, சட்டப் பையத் தொறக்காத. நான் பேரக் கேட்டுட்டேன். கேக்காம இருந்திருந்தா அது ஒரு நெழலாவே போயிருக்கும். இப்ப அது ஒரு வூட்டுப் புள்ள.

— அப்புறம்?

— அப்புறம் இன்னும் ஏதோ கேட்டான். சொன்னேன். சொல்லிக்கிட்டிருக்கறப்பவே அடங்கிட்டான்.

— என்னா கேட்டான்?

— அத வுடுக்கா. இந்த எடத்துல உக்காந்துக்கிட்டு அதச் சொல்ல என்னால முடியாது.

— சரி, வுடு. மூஞ்சியத் தொட. இந்தா, என் முந்தானை.

— அந்த மடியில உன் புள்ளைய உக்கார வெக்கச் சொல்றியே. அவன் தலை இருந்த மடிக்கா இது.

— மத்தவங்க எல்லாம் எப்பிடிடா இருக்காங்க? உங்கூட இருக்கறவங்க? அவங்களும் மனுசங்கதான?

— எல்லாரும் வெளியில பாத்தா கல்லு மாதிரி இருப்பாங்க. உள்ள ஒருத்தனும் சும்மா இல்ல. தலையில ஒண்ணுமில்லன்னு சொன்னாரு பாரு சுபேதாரு, அவரு டூட்டி முடிஞ்சி வந்தா பூட்ஸத் தொடைப்பாரு. பளபளன்னு ஆனப்புறமும் தொடைப்பாரு. நாங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டோம். ஒருத்தன் பொண்டாட்டிக்கு எழுதறத நிறுத்திட்டான். இன்னொருத்தன் அங்க ஒரு நொண்டி நாயப் புடிச்சி தன் சோத்துல பாதிய அதுக்குப் போட்டுக்கிட்டிருக்கான். ஆனா ஒண்ணுக்கா. காலையில விசில் அடிச்சா அத்தன பேரும் எழுந்து நிப்பாங்க. போன ஆளு திரும்பலன்னா தேடிப் போவ நான் நீன்னு முன்னால வருவாங்க. சவுரியப்பன் அப்பிடிப் போயிதான் கண்ணிவெடியில கால வெச்சான். அந்தக் கூட்டத்தப் பாத்தா எனக்குக் கும்புடத் தோணும்.

— பாஷா?

— நூர் பாஷா தொழுவறான். முடிச்சிட்டு கைய ஏந்தி துவா கேப்பான் பாரு, அப்ப ரெண்டு பக்கமும் செத்தவங்களுக்குச் சேத்துக் கேப்பான். ஒரு நா எங்கிட்ட சொன்னான். ஏம்பா, நம்ம கையில துப்பாக்கிதான் குடுத்தாங்க, தராசு குடுக்கல, அது மேல இருக்கறவன்கிட்ட இருக்குன்னு. அவனால அப்பிடி வுட முடியுது.

— புள்ள இப்ப அவன்கிட்டதான் இருக்குது. மலை ஏறறப்ப பாதி தூரம் அவன்தான் தூக்கியாந்தான். அவனும் துப்பாக்கி புடிச்சவன்தான? புள்ள அவன் தாடியப் புடிச்சி இழுத்துச் சிரிச்சிக்கிட்டிருக்குது. கையில என்னா ஒட்டியிருக்குதுன்னு அது பாக்கவே இல்ல.

— அவன் பெரிய மனசுக்காரன்க்கா. எனக்கு அது வராது. இந்த வாட்டி லீவுல வந்ததும் சவுரியப்பன் வூட்டுக்குத்தான் முதல்ல போனேன். அவங்க அம்மா தெரசா என்னா கேட்டாங்க தெரியுமா? என் மவன் எப்பிடிச் செத்தான்னு கேக்கல. அவன் கையால யாராவது செத்தாங்களாப்பா, ஒளிக்காம சொல்லுன்னாங்க.

— சொன்னியா?

— சொன்னேன். அப்ப அவங்களுக்கும் சேத்து கோயில்ல பூசை வெக்கணும்னாங்க. பேரு தெரியாதேம்மான்னேன். ஆண்டவருக்குத் தெரியும், நான் வெக்கறேன்னாங்க. மவனப் பறிகுடுத்தவங்க, மவன் கையால செத்தவங்களுக்குப் பூசை வெக்கறாங்க. நான் வெளிய வந்து புளியமரத்துக்குப் பின்னாடி நின்னு அழுதேன். சவுரியப்பன நான் தூக்கத்துல ஒரு நா கூடக் கூப்பிட்டதில்லக்கா. அவனுக்கு அழ அம்மா இருக்குது. மணி அடிக்கக் கோயில் இருக்குது. அந்தத் தவராசா செத்தது அவனப் பெத்தவளுக்குத் தெரியுமான்னே எனக்குத் தெரியாது.

— அதான் நீ கூப்புடற.

— அதான் கூப்புடறேன் போலருக்கு.

— கேளு சாமி. நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நம்ம ஊர்ல உயிர் போவறப்போ வாயில தண்ணி வுடறது யாரு?

— பெத்த புள்ள. இல்லன்னா கூடப் பொறந்தவங்க.

— அப்பா செத்தப்போ யாரு வுட்டது?

— நான்தான். நீ கையப் புடிச்சி வுட வெச்ச. எனக்கு வெவரம் தெரியாத வயசு.

— அங்க அந்தப் பையனுக்கு யாரு வுட்டது?

— சுட்டவனே தண்ணியும் வுட்டா அதுக்கு என்னாக்கா பேரு?

— அதுக்குப் பேரு எனக்குத் தெரியாது. ஆனா கால்ல ரத்தம் ஒழுவுது, எந்தச் சந்துலேருந்து எவன் சுடுவான்னு தெரியல, நீ அவனை அப்பிடியே வுட்டுட்டுப் போயிருக்கலாம். யாரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. போவாம குந்தின இல்ல. மடியில வெச்சிக்கிட்ட இல்ல. சாவறவன் தனியா சாவக் கூடாதுன்னு உனக்குத் தோணுச்சில்ல. ஊர்ல எல்லாரும் நீ துப்பாக்கி புடிச்சதுக்குப் பெருமைப்படறாங்க. எனக்கு அதுல ஒரு பெருமையும் இல்ல. நீ தண்ணி வுட்டத நெனச்சாத்தான்டா எனக்கு நெஞ்சு நிமிருது. உன்ன இடுப்புல தூக்கிச் சொமந்தது வீண் போவலன்னு தோணுது.

— அக்கா...

— சும்மா இரு, நான் பேசி முடிக்கறன். தண்ணி வுட்டவன் சொந்தக்காரன். அவனுக்குக் கல்யாணமா காட்சியா, பேர் சொல்ல புள்ளையா குட்டியா? நம்ம சனத்துல செத்தவங்க பேரத்தான பொறந்ததுக்கு வெக்கறோம்?

— அது நம்ம வூட்டுல செத்தவங்க. அக்கா, உன் காலப் புடிச்சிக்கறேன், பேர மாத்திரு. இன்னும் முடி எடுக்கல, மாமன் புள்ள காதுல பேரச் சொல்லல. இப்ப மாத்தினா ஒண்ணும் ஆவாது. காளியப்பன்னே வெச்சிரு. உன் மாமியாளும் சந்தோசப்படும். சித்தப்பா பையன் மடியில உக்கார வெய்யி. நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்.

— மாத்த மாட்டேன்.

— ஆயுசுக்கும் அந்தப் பேர வாயால கூப்புடணும்க்கா நான். லீவுல வந்தா கூப்புடணும், கடிதாசியில எழுதணும். எப்பிடி முடியும்?

— இப்ப மட்டும் கூப்புடாமயா இருக்கற? ராத்திரியெல்லாம் கூப்புடற. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கற, யாரும் வர்றதில்ல. விடிஞ்சா தொண்டை கட்டிக்குது. இனிமே பகல்ல கூப்புடு. நீ கூப்புட்டா ஒருத்தன் மாமான்னு ஓடி வருவான்.

— முந்தானைய இப்பிடிக் குடுக்கா.

— அழு. பரவால்ல. இங்க யாரும் வர மாட்டாங்க.

— மாமாவுக்குத் தெரிஞ்சா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரே.

— அவருகிட்ட சொல்லவேண்டிய அன்னிக்கு நான் சொல்லிக்கறேன். ரெண்டு நா சாப்புடாம இருப்பாரு. நானும் கூடப் பட்டினி கெடக்கறன். பழக்கந்தான். புள்ளகிட்ட மட்டும் நீ சொல்லணும். அவனுக்கு வெவரம் வந்ததும் உன் வாயால சொல்லணும், ஒண்ணு வுடாம. அதான் நான் உங்கிட்ட கேக்கற சீரு.

— உனக்கு எப்பிடிக்கா மனசு வருது? இப்பத்தான கேட்ட. நான் இன்னும் கண்ணத் தொடச்சி முடிக்கல. அவன் சுட்ட குண்டு என் கால்ல இன்னும் நோவுது. ஆர அமர யோசிச்சிப் பாரு. தெரியாம வெச்ச பேருக்கா. தெரியாம வெச்சத மாத்தினா தப்பில்ல.

— எவ தெரியாம வெச்சா? தை மாசம் பாஷா லீவுல வந்தப்போ உன்னப் பத்தி கேட்டேன், எல்லாத்தையும் சொல்லிட்டான்டா, நீ சொல்ல முடியாம முழுங்கறியே அதையும் சேத்து. எங்கட ஊரிலை மலையே இல்லை, மலை எப்பிடி இருக்கும்னு அந்தப் பையன் உன் மடியில படுத்துக்கிட்டுக் கேட்டானாம். நீ அவனுக்கு உசுரு அடங்கற வரைக்கும் இந்தத் தீர்த்தமலையச் சொல்லிக்கிட்டு இருந்தியாம். அன்னிக்கு ராத்திரிதான் இந்தப் பேர முடிவு பண்ணேன், முனியப்பன் கோயில வுட்டுட்டு இவ்வளவு தூரம் ஏறி வரணும்னும் முடிவு பண்ணேன். எழுந்து வாடா. பாதியில வுட்டிருக்க. உன் மருமவன மடியில வெச்சிக்கிட்டு மீதி மலையக் காட்டு.